கேட்போரிடம் கேட்டறிந்த அறிவியலாளர் விக்ரம் சாராபாய்

விண்வெளி ஆய்வு என்றவுடன் இந்திய மக்களின் நினைவில் எழும் முதற்பெயர்களுள் ஒன்று டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய் என்பதாகும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3இன் தரையிறங்கு கலம் அவர் பெயரையே தாங்கியிருந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் அமைந்துள்ள விண்வெளி மையமும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவை மாணவர் பலரும் அறிந்த செய்திகளே.

அப்பெருமகனாரின் வாழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. மக்களுக்கு ஓர் ஊடகத்தைக் கொண்டு சென்றால், அது மக்களிடத்தே என்ன செய்கிறது என்பதைச் சமூகவியல் முறைப்படி ஆராய்ந்து அறிய வேண்டும் என்ற எண்ணத்தை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர்களுள் அவர் தலையாயவர். செயற்கைக்கோளைப் பற்றி எண்ணிய அதே வேளையில், அச்செயற்கைக்கோள் வழியே வரும் படத்தைத் தரையில் அமர்ந்து பார்க்கும் உழவனைப் பற்றியும் எண்ணியவர் அவர்.

இன்று நம் தமிழ்த்துறைகளில் நாளிதழ், வார இதழ், வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியன பற்றிய ஆய்வேடுகள் பெருகி வருகின்றன. ஊடகத்தை எவ்வாறு ஆராய்வது என்று அறிய விழையும் மாணவர்க்குச் சாராபாயின் வாழ்க்கை ஒரு பாடநூலாக அமையும் என்பதனாலேயே அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

பிறப்பும் கல்வியும்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் காலிகோ ஆலையை நடத்திய பெருஞ்செல்வர். தாயார் சரளாதேவி. குழந்தைகள் எண்மரையும் பள்ளிக்கு அனுப்பாமல் தம் இல்லத்திலேயே மாண்டிசோரி முறையைத் தழுவிய பள்ளி ஒன்றை அமைத்துப் பெற்றோர் கல்வி புகட்டினர். காந்தியடிகள், தாகூர் போன்ற பெருமக்கள் வந்து சென்ற இல்லம் அது. நாட்டுப்பற்றும் கலைப்பற்றும் அறிவுத் தேட்டமும் அவ்வீட்டின் காற்றிலேயே கலந்திருந்தன எனலாம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பயின்று 1940இல் இயற்கை அறிவியலில் அவர் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. இராமனின் மேற்பார்வையில் அண்டக்கதிர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். 1942இல் அவர் மணந்த மிருணாளினி, சென்னையில் வாழ்ந்த அம்மு சுவாமிநாதனின் மகளார். புகழ்பெற்ற நாட்டியக் கலைஞர்.

அண்டக்கதிர் ஆராய்ச்சி அவருக்கு ஓர் ஒழுங்கைக் கற்பித்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அறிய வேண்டுமாயின் தக்க கருவியைத் தக்க இடத்தில் வைத்து, நாள்தோறும் அளந்து, அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஓர் இடத்து அளவு மட்டும் போதாது. மற்றோர் இடத்து அளவும் வேண்டும். இவ்வொழுங்கையே பின்னாளில் சமுதாயத்தை அறிவதற்கும் அவர் கைக்கொண்டார் என்பது நம் கருத்து.

ஆலையில் கற்ற பாடம்

1947இல் அகமதாபாத்தில் இரு நிறுவனங்கள் தோன்றின. ஒன்று இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம். மற்றொன்று அகமதாபாத் நெசவுத்தொழில் ஆராய்ச்சிக் கழகம். ஆலை முதலாளிகள் பொருள் உதவி, அரசும் துணை நிற்க உருவான இரண்டாவது நிறுவனத்தை 1956 வரை சாராபாய் முன்நின்று நடத்தினார். நெசவுத்தொழிலில் அவர் பட்டம் பெற்றவர் அல்லர். எனினும் அளத்தல், ஒப்பிடுதல், ஐயுறுதல் என்னும் அறிவியல் நெறியை ஆலைக்குள் கொண்டு செல்ல இயலும் என நம்பினார்.

நூலின் வலிமையை அளக்கக் கருவி உண்டு. அந்நூலை நூற்கும் தொழிலாளியின் மனநிலையை அளக்க எக்கருவி உண்டு? புதிய முறை ஒன்று சிறந்தது என ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் ஆலைத் தொழிலாளி அதனை ஏற்க மறுப்பதும், மேற்பார்வையாளர் அதனைப் புறக்கணிப்பதும் எதனால்? இவ்வினாக்களுக்கு இயற்பியலில் விடை இல்லை. எனவே நெசவுத்தொழில் ஆராய்ச்சிக் கழகத்தில் மனித உறவுகளை ஆராயவும் ஒரு பிரிவு அமைக்கப்பட்டது. உளவியல் அறிஞர் கமலா சௌத்ரி அதன் பொறுப்பை ஏற்றார். பஞ்சும் பொறியும் ஆராயப்பட்ட கூரையின் கீழேயே மனிதர்களும் ஆராயப்பட்டனர். அந்நாளில் இஃது ஒரு புதுமையாகும்.

1953 அளவில் இலண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் என்னும் சமூக ஆய்வாளர் காலிகோ ஆலைக்கு வந்து, தறிகளில் பணிபுரியும் குழுக்களை மாற்றியமைத்து ஆராய்ந்தார். அவ்வாய்வு 1958இல் நூலாக வெளிவந்து தொழிற்சமூகவியலில் நிலைத்த இடம் பெற்றது. 1960இல் சாராபாய் பரோடாவில் செயல்முறை ஆராய்ச்சிக் குழு ஒன்றை நிறுவினார். எந்தப் பொருளை எத்தகைய மக்கள் எவ்வளவு வாங்குகின்றனர் என்பதைக் கடைதோறும் வீடுதோறும் கேட்டறியும் சந்தை ஆய்வு நம் நாட்டில் வளர அக்குழு பெரிதும் துணைநின்றது. 1961இல் அகமதாபாத் மேலாண்மைக் கழகம் உருவாவதிலும் அவர் பெரும்பங்கு கொண்டார்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். விண்வெளித் துறையில் அடி எடுத்து வைக்கும் முன்னரே, மனிதரைப் பற்றி ஊகிக்கலாகாது, அவர்களிடமே கேட்டறிய வேண்டும் என்னும் பாடத்தைச் சாராபாய் ஆலையிலும் அங்காடியிலும் கற்றிருந்தார்.

தும்பாவும் தொலைநோக்கும்

1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான இந்திய தேசியக் குழு அவர் தலைமையில் அமைந்தது. புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்த தும்பா என்னும் மீனவர் சிற்றூர் ஏவுதளத்திற்கு ஏற்றதெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வூர்த் தேவாலயத்தையும் சுற்றியிருந்த குடியிருப்புகளையும் வழங்க ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் ஊர் மக்களும் இசைந்தனர். தேவாலயமே முதல் அலுவலகம் ஆயிற்று. 1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் முதல் ஆய்வு ஏவூர்தி அங்கிருந்து விண்ணில் எழுந்தது.

இராமேசுவரத்தில் எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாமை நேர்காணலில் கண்டு, தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர்களுள் சாராபாயும் ஒருவர். வேட்பாளரின் அறியாமையைத் தோண்டிப் பார்க்காமல், அவருள் மறைந்திருக்கும் ஆற்றலைத் தேடிய நேர்காணலாக அதனைக் கலாம் தம் நினைவுகளில் பதிவு செய்துள்ளார். கேட்கும் முறையே கிடைக்கும் விடையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஏழை நாட்டுக்கு விண்வெளி ஆராய்ச்சி எதற்கு என்ற வினா அந்நாளில் பலராலும் எழுப்பப்பட்டது. சாராபாய் அவ்வினாவை வெறுக்கவில்லை. அதற்கு விடையாகவே தம் திட்டங்களை வகுத்தார். ஊர்தோறும் நிலவழிக் கோபுரம் அமைத்துத் தொலைக்காட்சியைக் கொண்டு செல்லப் பல்லாண்டு ஆகும். ஒரே செயற்கைக்கோள் நாட்டின் மூலை முடுக்குகளையெல்லாம் ஒருசேர எட்டிவிடும். நகரத்தார்க்கு முதலில், சிற்றூரார்க்குக் கடைசியில் என்னும் வழக்கமான வரிசையைத் தலைகீழாக்க அவர் விழைந்தார். 1969இல் தில்லியில் நடைபெற்ற பன்னாட்டு மாநாட்டில் வளர்ச்சிப் பணிக்கான தொலைக்காட்சி குறித்து அவர் அளித்த கட்டுரை இக்கருத்தை விரித்துரைத்தது.

வானொலி காட்டிய வழி

தொலைக்காட்சிக்கு முன்னோடியாக வானொலி ஆய்வு ஒன்று நம் நாட்டில் நிகழ்ந்திருந்தது. 1956இல் பூனா வானொலி நிலையம் பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. ஊரார் சிலர் வாரம் இருமுறை ஒன்றுகூடி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டதைப் பற்றி உரையாடுவர். எழும் ஐயங்களை நிலையத்திற்கு அனுப்புவர். இதன் பயனை டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் துணையுடன் ஆராய்ந்தவர் பால் நியூராத் என்னும் சமூகவியல் அறிஞர். வியன்னாவில் பிறந்த அவர், நாஜிகளின் தடுப்பு முகாம்களில் துன்புற்றுத் தப்பியவர். அம்முகாம்களின் சமுதாய அமைப்பையே ஆய்வேடாக்கிக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்.

அவர் கையாண்ட முறை மாணவர் மனங்கொள்ள வேண்டியதாகும். மன்றம் அமைந்த ஊர்கள் சில. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள் சில. வானொலியே இல்லாத ஊர்கள் சில. மூவகை ஊர்களிலும் நிகழ்ச்சிகளுக்கு முன்னரும் பின்னரும் ஒரே வினாக்கள் கேட்கப்பட்டன. அறிவு எங்கே எவ்வளவு கூடிற்று என்று அளந்தபோது, மன்றம் இருந்த ஊர்களே முன்நின்றன. வெறுமனே கேட்பதைக் காட்டிலும் கேட்டதைப் பற்றிப் பேசுவதே அறிவை நிலைநிறுத்துகிறது என்னும் உண்மை இவ்வொப்பீட்டால் வெளிப்பட்டது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களை விடுத்திருந்தால், பயன் வானொலியால் விளைந்ததா, உரையாடலால் விளைந்ததா என்று பிரித்தறிய வழியிராது.

1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயிடம் வந்தது. 1967ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் தில்லியைச் சூழ்ந்த 80 சிற்றூர்களுக்கென வேளாண்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது. அணுசக்தித் துறை, அகில இந்திய வானொலி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், தில்லி நிருவாகம் ஆகியன இதில் கைகோத்தன. பொதுவிடத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அதைச் சுற்றி ஒரு மன்றம் என்னும் அமைப்பு பூனாவின் வழிவந்ததே. பெரிய முயற்சிக்கு முன் சிறிய முயற்சி, அச்சிறிய முயற்சியின் பயனைக் களத்தில் சென்று அறிதல் என்பது சாராபாயின் நெறி.

காணாமற்போன கனவன்று

1969ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்திய அணுசக்தித் துறைக்கும் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. நாசாவின் செயற்கைக்கோள் ஒன்றை ஓராண்டு இந்தியாவுக்கு வழங்குவது. நிகழ்ச்சிகளையும் தரைக் கருவிகளையும் ஆய்வையும் இந்தியா தானே மேற்கொள்வது என்பது அதன் சாரம். செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை என்று அத்திட்டம் பெயர் பெற்றது.

ஆனால் அதனைக் காணும் பேறு சாராபாய்க்கு வாய்க்கவில்லை. 1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் கோவளத்தில் தங்கியிருந்த இடத்தில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 52. சற்று முன்னர்தான் அவரோடு தொலைபேசியில் பேசியிருந்த கலாம், திருவனந்தபுரத்தில் வந்திறங்கியதும் அத்துயரச் செய்தியைக் கேட்டார். மறு ஆண்டு சாராபாய்க்குப் பத்மவிபூஷண் விருது மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

தலைவர் மறைந்தால் திட்டமும் மறைவது நம் நாட்டில் பலகால் கண்ட காட்சி. இங்கோ அவ்வாறு நிகழவில்லை. சதீஷ் தவான், யஷ்பால், ஏ.வி. சிட்னிஸ் முதலானோர் அதனை முன்னெடுத்துச் சென்றனர். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி 1976 சூலை 31 வரை அச்சோதனை நடைபெற்றது. ஆந்திரம், கருநாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பின்தங்கிய மாவட்டங்களே முதலிடம் பெற்றன. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் 3 மீட்டர் அகலத்தில் வாங்கி அமைக்கப்பட்டது. பள்ளிக்கூடம், ஊராட்சிக் கட்டடம் போன்ற எல்லோரும் வரத்தக்க இடங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. காலையில் பள்ளிச் சிறார்க்கு ஒன்றரை மணி நேரம், மாலையில் ஊரார்க்கு இரண்டரை மணி நேரம் என நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின.

தமிழ்நாடு அச்சோதனையில் இடம்பெறவில்லை. ஆயினும் அதே 1975 ஆகஸ்டில் 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆய்வாளர் ஊரில் தங்கினர்

இச்சோதனையின் உயிர்நாடி அதனுடன் இணைந்த சமூக ஆய்வே ஆகும். அது மூன்று நிலைகளில் அமைந்தது.

முதல்நிலை, நிகழ்ச்சி தயாரிக்கும் முன் நிகழ்வது. பார்க்கப் போகும் மக்கள் யாவர், அவர்தம் தொழில் என்ன, எதனை அறிய விழைகின்றனர், எத்தகைய படம் அவர்க்கு விளங்குகிறது என்பன ஆராயப்பட்டன. தயாரித்த நிகழ்ச்சிகளைச் சிலர்க்குக் காட்டித் தேர்ந்து பார்த்தலும் இதில் அடங்கும்.

இரண்டாம் நிலை, நிகழ்ச்சி நடைபெறும்போதே நிகழ்வது. ஊர்களில் இருந்த களப்பணியாளர்கள் எத்தனை பேர் வந்தனர், எது விளங்கிற்று, எது விளங்கவில்லை எனக் குறித்தனுப்பினர். தயாரிப்பாளர் அதனைக் கண்டு அடுத்த நிகழ்ச்சியைத் திருத்த இயன்றது.

மூன்றாம் நிலை, பயனை அளப்பது. தொலைக்காட்சி வந்த ஊர்களிலும் வராத ஊர்களிலும் முன்னும் இடையிலும் பின்னும் வினாநிரல் கொண்டு கணக்கெடுப்பு நடந்தது. அதனோடு நில்லாமல், பினோத் அகர்வால் என்னும் மானிடவியலாளரின் வழிகாட்டலில் ஆய்வாளர் சிலர் தேர்ந்தெடுத்த ஊர்களில் ஓராண்டுக்கு மேல் தங்கி வாழ்ந்தனர். பெட்டிக்கு முன்னால் யார் அமர்கிறார், யார் ஒதுங்கி நிற்கிறார், பெண்கள் எப்போது எழுந்து செல்கின்றனர், மறுநாள் கிணற்றடியில் என்ன பேசப்படுகிறது என்பனவற்றை வினாநிரல் காட்டாது. உடனுறைபவரே காண முடியும். எண்ணிக்கை ஆய்வும் உடனுறை ஆய்வும் இரு கண்களாக அமைந்தன.

கண்டறிந்த முடிவுகள் கலவையானவை. தொடக்கத்தில் திரண்ட பெருங்கூட்டம் புதுமை தேய்ந்ததும் குறைந்து ஒரு நிலைக்கு வந்தது. உடல்நலம், குடும்பநலம் போன்றவற்றில் எழுத்தறிவு பெறாதாரும் பெண்களும் குறிப்பிடத்தக்க அறிவு வளர்ச்சி பெற்றனர். நூலும் இதழும் எட்டாதவரை இவ்வூடகம் எட்டியது. ஆனால் பள்ளிச் சேர்க்கை கூடவோ, இடையில் நிற்போர் தொகை குறையவோ இல்லை. வேளாண்மையில் அறிந்ததை எல்லாரும் செயலாக்கிவிடவும் இல்லை. விதையும் உரமும் கடனும் கைக்கு எட்டாதபோது படத்தைப் பார்த்து என்ன பயன்?

தமிழ்த்துறையினர் கருத வேண்டிய செய்தி ஒன்றும் அவற்றுள் உண்டு. பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான இந்தியில் நிகழ்ச்சிகள் அமைந்தன. தத்தம் வட்டார வழக்கில் பேசி வாழும் சிற்றூரார் பலர்க்கு அந்நகரத்து இந்தி எளிதில் விளங்கவில்லை. விண்ணிலிருந்து 36,000 கிலோமீட்டர் கடந்து பழுதின்றி வந்த ஒலி, செவிக்கும் சிந்தைக்கும் இடைப்பட்ட நான்கு விரல் தொலைவில் தடைப்பட்டது. கருவி வென்ற இடத்தில் மொழி தோற்றது. இவ்வுண்மையைப் பொறியாளர் எவரும் தம் கருவியால் கண்டிருக்க இயலாது.

வெற்றியைப் பறைசாற்றவே ஆய்வு என்று கருதியிருந்தால் இம்முடிவுகள் வெளிவந்திருக்க மாட்டா. எதிர்பார்த்தது கிட்டாவிடினும் அதனை மறைக்காமல் எழுதியமையே அவ்வாய்வின் மாண்பு. இதன் தொடர்ச்சியாகக் குசராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்னும் ஊரில் அமைந்த சிறிய ஒளிபரப்பு நிலையம் உள்ளூர் மக்களின் பேச்சு மொழியில், அவர்களே பங்கேற்கும் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. அத்திட்டத்திற்கு 1984இல் யுனெஸ்கோவின் ஊரகத் தகவல் தொடர்புப் பரிசு கிடைத்தது.

நம் மரபும் இந்நெறியும்

கேட்டறிந்து தெளிதல் நமக்குப் புதிய நெறியன்று. கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரித்துத் தெளியுமாறு திருமறை பணிக்கிறது. நபிமொழிகளைத் தொகுத்த பேரறிஞர்கள் ஒவ்வொரு செய்தியும் யார் வழியே யாரை அடைந்தது என்னும் தொடரை ஆராய்ந்த பின்னரே ஏற்றனர். 1332இல் துனிசு நகரில் பிறந்த இப்னு கல்தூன் ஒருபடி மேலே சென்றார். சொல்பவரின் நேர்மையை மட்டும் ஆராய்தல் போதாது. சொல்லப்படும் செய்தி மனித சமுதாயத்தின் இயல்புக்குப் பொருந்துகிறதா என்பதையும் ஆராய வேண்டும் என்று தம் முகத்திமாவில் அவர் நிறுவினார். செய்தி ஆராய்ச்சிக்கும் சமுதாய ஆராய்ச்சிக்கும் பாலம் அமைத்தவர் அவர். சாராபாயின் குழுவினர் அப்பாலத்தின் மறுகரையில் நின்று, செய்தி சென்று சேர்ந்த சமுதாயத்தை ஆராய்ந்தனர் எனலாம்.

நாம் கற்க வேண்டியவை

நம் துறைகளில் நிகழும் ஊடக ஆய்வுகளைக் கூர்ந்து நோக்கினால் ஒரு குறை தெரியும். தொலைக்காட்சித் தொடர்களில் பெண் பாத்திரங்கள், விளம்பரங்களில் மொழிநடை, நாளிதழ்த் தலைப்புகளில் பிறமொழிச் சொற்கள் எனத் தலைப்புகள் அமைகின்றன. இவையாவும் பனுவலைப் பகுத்தாய்வன, தேவையானவையே. ஆனால் பனுவலைப் பகுத்த பின், இத்தொடர்கள் பெண்களைத் தாழ்த்துகின்றன, இவ்விளம்பரங்கள் இளைஞரைக் கெடுக்கின்றன என்று முடிவுரை எழுதிவிடுகிறோம். அத்தொடரைப் பார்க்கும் பெண் ஒருத்தியிடமேனும் கேட்டோமா? உள்ளடக்கத்தைக் கொண்டு விளைவை முடிவுசெய்தல், மருந்துச் சீட்டைப் படித்துவிட்டு நோய் தீர்ந்தது என்பதைப் போன்றதாகும்.

தொலைக்காட்சி நிறுவனங்கள் வெளியிடும் பார்வையாளர் புள்ளிகளும் இக்குறையை நிறைவு செய்யமாட்டா. எந்த வீட்டில் எந்த அலைவரிசை ஓடியது என்று அவை காட்டும். பார்த்தவர் என்ன பொருள் கொண்டார் என்று காட்டா.

நம் மாணவர் பெரிய நிதியை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் வட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மாவட்டம் 2004இல் ஆழிப்பேரலையையும், 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலையும் கண்டது. சாராபாய் மறைந்து சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. புயலை விண்ணிலிருந்து செயற்கைக்கோள் கண்டுவிடும். அவ்வெச்சரிக்கை கம்மாபுரத்துக் கூலித் தொழிலாளியின் குடிசையை எவ்வழியே அடைகிறது? வானொலியா, தொலைக்காட்சியா, கைப்பேசியா, பள்ளிவாசல் ஒலிபெருக்கியா, அண்டை வீட்டார் வாய்மொழியா? அடைந்த செய்தியை அவர் நம்பினாரா? கரையைக் கடக்கும் என்ற தொடர் அவருக்கு எப்பொருளைத் தந்தது? புயல் தம்மைக் கடந்து போய்விடும் என்று அவர் பொருள்கொண்டிருந்தால், அப்பிழையின் விலை உயிராகவும் இருக்கக்கூடும். தமிழ்த்துறை மாணவரே கேட்கத் தகுந்த வினா இது.

இதற்கு வேண்டும் முறைகள் சிலவே. விரும்பிய வீடுகளுக்குச் செல்லாமல், பட்டியல் ஒன்றைக் கொண்டு பத்தாவது வீடு, இருபதாவது வீடு என ஒழுங்காகத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சாலையோர ஊர் ஒன்றையும் உட்புற ஊர் ஒன்றையும் ஒப்பிடுதல் வேண்டும். ஆம், இல்லை என்னும் விடையோடு நில்லாமல், அறிந்த செய்தியை அவர் சொற்களிலேயே சொல்லக் கேட்டு எழுதுதல் வேண்டும். பெண்களிடம் பெண் ஆய்வாளர் தனித்துப் பேசுதல் நலம். நிகழ்ச்சி முடிந்து நெடுநாள் ஆனால் நினைவு மங்கும். ஆகவே காலந்தாழ்த்தாமல் செல்லுதல் வேண்டும். சொந்த ஊரில் ஆராய்வோர்க்கு மொழியும் உறவும் துணைநிற்கும். ஆயினும் உறவினர் என்பதனாலேயே மறைக்கப்படும் செய்திகளும் உண்டு. எனவே அண்டை ஊர் மாணவர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொள்வது தக்கது. விடையளித்தவர் பெயரை வெளியிடாமல் காப்பது ஆய்வாளர் மேல் உள்ள அமானிதமாகும்.

சாராபாய் செல்வச் செழிப்பில் பிறந்தவர், இயற்பியலில் தோய்ந்தவர், பெரும்பதவிகள் வகித்தவர். தாம் காட்ட விரும்பியதை மட்டும் காட்டிவிட்டு அமைதியுற அவரால் இயன்றிருக்கும். பார்ப்பவர் வாய் திறக்கும் வரை திட்டம் முற்றுப்பெறாது என்று கருதியமையால்தான், அவர் மறைந்த பின்னரும் அவர் விதைத்த ஆய்வு நெறி தளராது நடந்தது. ஊடகங்கள் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வந்தமர்ந்துவிட்ட இந்நாளில் அந்நெறியின் தேவை பன்மடங்கு பெருகியுள்ளது. நூலகத்தில் தொடங்கும் நம் ஊடக ஆய்வுகள் ஊர்த் திண்ணை வரை சென்று முடிவுறுமாயின், அதுவே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் தகுந்த நன்றிக்கடனாகும்.